பெயர் வருமுன் விதி: இளைஞர் மன்றத்தின் கால்பந்து அணிகளைப் புதிதாக ஏற்று நடத்துபவர்களுக்கு

மன்றத்தின் கால்பந்துப் பொறுப்பை ஏற்ற முதல் வாரம். பயிற்சி முடிந்து கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தந்தை வந்து பக்கத்தில் நின்றார். "சார், போன மேட்ச்ல என் பையன் எத்தனை நிமிஷம் ஆடினான்னு உங்ககிட்ட கணக்கு இருக்கா?" என்றார். இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரிடமும் இருந்திருக்காது. அவர் கோபப்படவில்லை. கைப்பேசியைத் திறந்து காட்டினார். நான்கு ஆட்டங்களின் தேதிகள், எதிரே நிமிடங்கள்: 10, 6, 0, 8. "கமிட்டில எனக்கு யாரையும் தெரியாது சார். அதான் நேரா உங்ககிட்ட கேக்குறேன்."

மன்ற அரசியல் முழுவதும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. கமிட்டியில் ஆள் தெரிந்திருந்தால் பிள்ளை ஆடியிருப்பான் என்று அவர் நம்பினார். அது உண்மையா பொய்யா என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. சிறுவர் கால்பந்தில் பெரியவர்களுக்குள் மூளும் சண்டைகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பெரும்பாலும் எழுதி வைக்காத ஒரு முடிவில்தான் போய் நிற்கும். அதனால் இந்த வழிகாட்டி நெடுகிலும் நான் ஒன்றையே வற்புறுத்துவேன்: எந்தப் பிள்ளையின் பெயரும் பேச்சில் அடிபடுவதற்கு முன்பே விதியை எழுதிவிடுங்கள். பெயர் வந்த பிறகு எழுதும் விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும், யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகத்தான் பார்க்கப்படும்.

முதல் மாதம்: படியுங்கள், எண்ணுங்கள், கேளுங்கள்

வந்ததும் எதையும் மாற்றாதீர்கள். மன்றத்தின் விதிமுறைகளை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். யாருக்கு ஓட்டு உண்டு, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் கோரம், தலைவருக்குத் தனி ஓட்டு உண்டா, கால்பந்துப் பிரிவு தானாகச் செலவு செய்யலாமா, அல்லது செயற்குழு (கமிட்டி) அனுமதி வேண்டுமா. இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் முதல் கூட்டத்தில் உட்காராதீர்கள். பிறகு கடந்த இரண்டு ஆண்டுத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒரே விஷயம் மூன்று கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்று முடிந்திருந்தால், மன்றத்தின் புண் அங்கேதான் இருக்கிறது.

அறையில் இருக்கும் பொருட்களை இன்னொருவரைக் கூட வைத்துக்கொண்டு எண்ணி, பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பந்து, பிப் (பயிற்சியில் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மேலாடை), வலை, கொடி, முதலுதவிப் பெட்டி, ஜெர்சி எல்லாம். "அந்த ஆள் வந்த பிறகுதான் பந்து காணாமப் போச்சு" என்ற பேச்சு எழாமல் இருக்க அந்த ஒரு தாள் போதும்.

அடுத்து ஆட்களைச் சந்தியுங்கள். பதவியில் இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மைதானத்தின் சாவியை வைத்திருப்பவர், பத்து வருடமாக ஜெர்சி துவைத்துத் தரும் தாய், போன ஆண்டு மனக்கசப்போடு விலகிய பயிற்சியாளர் என்று எல்லோரிடமும் தனித்தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரே கேள்வி போதும்: "இங்கே எது கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?" குறை என்ன என்று கேட்டால் ஆட்களைப் பற்றிப் பேசுவார்கள். இப்படிக் கேட்டால் மன்றத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

எத்தனை அணி? முதலில் கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் அவசரப்பட்டு வாக்குக் கொடுப்பது இங்கேதான். எத்தனை பிள்ளைகள் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறோம் என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் கணக்கு வேறு சொல்லும்.

ஏழு பேர் ஆடும் அணி, ஆட்டம் 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பங்கிடக் கிடைப்பது 350 நிமிடம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 35. பதினான்கு பேர் என்றால் ஆளுக்கு 25, அதாவது சரியாகப் பாதி ஆட்டம். பதினைந்தாவது பிள்ளையைச் சேர்த்த அந்த நொடியே, "எல்லோருக்கும் பாதி ஆட்டமாவது கிடைக்கும்" என்று நீங்கள் சொல்லும் வாக்கு நடக்க முடியாததாகிவிடும். ஆகவே ஒரு அணியில் எத்தனை பேர் என்பதைப் பதிவு தொடங்குவதற்கு முன்பே தீர்மானமாகப் போடுங்கள். ஏழு பேர் ஆட்டத்துக்குப் பத்து அல்லது பதினொன்று, பதினொருவர் ஆட்டத்துக்குப் பதினாறு என்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. பரீட்சை, காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் போக ஆட்டத்தன்று ஆள் நிற்கும். பெஞ்சும் நிரம்பி வழியாது. பதினொருவர் ஆட்டத்தில் ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது என்பது ஆட்டவிதி. அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும்படி அணியைச் சிறிதாக்கவும் வேண்டாம்.

இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியல். அது தேதி, நேரத்தோடு, யார் கேட்டாலும் காட்டக்கூடிய பட்டியலாக இருக்கட்டும். செயற்குழு உறுப்பினரின் உறவுக்காரப் பிள்ளை ஒன்று வரிசை தாண்டி உள்ளே வந்தால், அதன் பிறகு நீங்கள் எடுக்கும் எந்த முடிவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பதினொருவர் ஆட்டம் வேண்டாம். முழு அளவு கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். எட்டு வயதுப் பிள்ளையை அதன் நடுவில் நிறுத்திப் பாருங்கள், நான் சொல்வது புரியும். இங்கிலாந்தில் 2012-இல் வாக்கெடுத்து முறையையே மாற்றினார்கள்: 7, 8 வயதுக்குட்பட்டோருக்கு ஐவர் ஆட்டம், 9, 10-க்கு எழுவர், 11, 12-க்கு ஒன்பதின்மர், அதற்கு மேல்தான் பதினொருவர். ஜெர்மனியும் 2024-25 பருவத்திலிருந்து சின்ன வயதினருக்குச் சிறிய கோல், சிறிய அணி முறையைக் கட்டாயமாக்கியது. ஆள் குறைந்தால் ஒவ்வொரு காலுக்கும் பந்து அதிகம் வரும், அவ்வளவுதான் விஷயம். பந்தும் அப்படியே: எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5-ஆம் எண் என்பது பொதுவான வழக்கம். ஒரே அளவுப் பந்தை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று பொருளாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. இரண்டு பெரியவர்கள் பொறுப்பேற்காத அணியைத் தொடங்கவே வேண்டாம். ஒரு பயிற்சியாளரை மட்டும் நம்பித் தொடங்கிய அணி, அவருக்கு வேலை மாறிய மாதம் கலைந்துவிடும். பதினைந்து வீடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

வயதும் ஆவணமும்

பிறந்த தேதிக்கு அரசு ஆவணத்தின் நகல் இல்லாமல் ஒரு பெயரையும் பதியாதீர்கள். "இந்த ஒரு டோர்னமென்ட் மட்டும்" என்று வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லி நெருக்குவார்கள். கேட்பவர் மன்றத்துக்கு நிறையச் செய்தவராகவும் இருப்பார். மறுத்துவிடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மோதித் தள்ளப்போவது பதினைந்து வயது உடம்பு. காயம் பட்டால் அந்தப் பதிவுத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து.

சரியான வயதுப் பிரிவுக்குள்ளேயும் ஒரு வேறுபாடு மறைந்திருக்கிறது. வயதுக் கணக்கு தொடங்கும் மாதத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளை, அதே பிரிவில் கடைசி மாதம் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். பத்து வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய இடைவெளி. பல நாடுகளில் தேர்வு அணிகளை ஆராய்ந்தபோது, முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. உங்கள் ஏ அணியின், அதாவது தேர்ந்தெடுத்த முதல் அணியின், பிறந்த மாதங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திறமை என்று நாம் தேர்ந்தெடுத்ததில் எவ்வளவு வெறும் உயரம் என்பது தெரியும்.

பதிவேட்டை வருடாவருடம் பத்திரமாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிள்ளை பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரராகி ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாறும்போது, அதற்காகக் கொடுக்கும் மாற்றுத் தொகையில் 5 சதவீதம் வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பகிர வேண்டும் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. 12 வயதிலிருந்து 23 வரை எந்த ஆண்டு எங்கே பதிவாகியிருந்தார் என்பதே அதன் அடிப்படை. முறையான சங்கப் பதிவு இல்லாத மன்றத்துக்கு அது கிடைக்காது. நம் மன்றத்தில் அப்படி ஒருவர் வருவது அபூர்வம்தான். ஆனாலும் தாளை எறியாதீர்கள்.

தேர்வும் ஆட்ட நேரமும்

மன்றம் உடைவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, ஏ அணி, பி அணி என்று பிரிக்கத்தான் வேண்டுமா என்பது. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு அணிகளையும் சம பலத்தில் கலந்துவிடுங்கள். தோல்விகள் கூடும், அழுகை குறையும், அடுத்த வருடம் திரும்பி வரும் பிள்ளைகளும் கூடுவார்கள். அதற்கு மேல் பிரித்தே ஆக வேண்டும் என்றால், தேர்வை ஒரே நாளில் முடிக்காதீர்கள். குறைந்தது இரண்டு நாள் நடத்துங்கள். பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதில் பிப் எண் கொடுங்கள். பார்ப்பவர்கள் மூன்று பேர் இருக்கட்டும். அதில் ஒருவர் வேறு வயது அணியின் பயிற்சியாளர். மூவரும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தன் பிள்ளை உள்ள குழுவைப் பார்க்கும் வேலையிலிருந்து ஒவ்வொருவரும் தாமாக விலக வேண்டும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதல் நாளே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்: பந்தை அடக்குவது, தலை நிமிர்ந்து பார்த்து ஆடுவது, பந்து பறிபோனால் திரும்பி ஓடுவது.

முடிவை வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாகப் போடவே போடாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்த தவறு எனக்கு உண்டு. இரவு ஒன்பதரைக்குப் பட்டியல் போனது. ஒன்பது நாற்பதுக்கு ஒரு தாய் குழுவிலிருந்து விலகினார். தன் பெயர் இல்லை என்பதை அந்தப் பையன் நண்பன் வீட்டில் வைத்துத்தான் தெரிந்துகொண்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டிலிருந்து தேர்வாகாத பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் தொலைபேசியில் பேசினோம். எதில் நன்றாக இருந்தான், எதில் இன்னும் வேலை வேண்டும், அடுத்த தேர்வு எப்போது என்ற மூன்றையும் சொன்னோம். ஒவ்வொரு அழைப்பும் பத்து நிமிடம். பெரிய பாரம்தான். ஆனால் அந்த ஆண்டு ஒருவரும் விலகவில்லை.

ஆட்ட நேர விதியைப் பருவம் தொடங்கும் முன் பெற்றோர் கூட்டத்தில் படித்து, எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்களுடையது இப்படி: 12 வயது வரை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது பாதி ஆட்டம். 13 முதல் 15 வரை, அந்த வாரப் பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் பயிற்சியாளரின் முடிவு, ஆனால் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஒருவர் உட்காரக் கூடாது. இறுதி ஆட்டத்துக்கும் இதே விதிதான். "ஃபைனல் மட்டும்" என்று விலக்குக் கேட்பார்கள். அங்கே விட்டால் எல்லாம் போச்சு.

விதியை நிறைவேற்ற ஒரு தாள் போதும். இடப்பக்கம் பெயர்கள், மேலே 5, 10, 15 என்று நிமிடங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆடுகிறவர்களுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. அந்த வேலையைப் பயிற்சியாளருக்குக் கொடுக்காதீர்கள், அவர் கண் ஆட்டத்தில் இருக்கும். ஆட்டத்துக்கு ஒரு பெற்றோர் என்று முறை வையுங்கள். ஒரு ஆட்டத்தில் தாள் என் கையில் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். "அண்ணா, நான் எப்ப எறங்கணும்?" என்றான். தாளைத் திருப்பிக் காட்டினேன். தன் பெயருக்கு நேரே 25-ஆம் நிமிடத்தில் போட்டிருந்த சின்ன வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். அதன் பிறகு கயிற்றைத் தொடவில்லை. ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான். எப்போது இறங்குவோம் என்று தெரியாத பிள்ளை ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, பயிற்சியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒழுங்கு நடவடிக்கைக்கும் இதே போல முன்கூட்டி எழுதுங்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதை அணிகளில் தினமும் நடக்கிறது. கோல் அடிக்கும் பையன் நடுவரைத் திட்டினால் "அவன் கொஞ்சம் சூடானவன்". மாற்று ஆட்டக்காரன் திட்டினால் ஒரு ஆட்டத் தடை. எந்தத் தவறுக்கு எத்தனை ஆட்டம் என்று முதலிலேயே இருந்தால், சிறந்த ஆட்டக்காரனை உட்கார வைக்கும் துணிச்சல் பயிற்சியாளருக்கு அந்தத் தாளிலிருந்து வரும்.

கமிட்டி

கமிட்டியில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை முடித்து, வீட்டைப் பார்த்து, மிச்ச நேரத்தைக் கொடுப்பவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளையோ ஓர் அணியோ ஒரு பழைய காயமோ இருக்கும். அதை மறைக்கச் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளாக "இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்தத் தொடர்பு உண்டா" என்று கேட்டுப் பதிவு செய்யும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். உள்ளவர் பேசலாம், ஆனால் அந்தப் பொருளில் ஓட்டுப் போடக் கூடாது. முதல் இரண்டு கூட்டம் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

கூட்டப் பொருள்கள் ஒரு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். "தலைவரின் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்ற கடைசி வரியில் எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். பாதிப் பேர் எழுந்து போன பிறகு, பத்தரை மணிக்கு அந்த வரியின் கீழ் பயிற்சியாளரை மாற்றிய கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்மானங்களைக் கூட்டம் முடியும் முன் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றே இருந்தால் போதும். யார் என்ன பேசினார் என்று எழுதாதீர்கள். அது அடுத்த சண்டைக்கு விறகு.

கூட்டத்துக்கு முந்தைய இரவு தொலைபேசிகள் ஓடும். அது எல்லா மன்றத்திலும் உண்டு, நிறுத்த முடியாது. நீங்களும் பேசுங்கள், ஆனால் எதிர்ப்பவரிடம் முதலில் பேசுங்கள். ஆதரவாளர்களை மட்டும் அழைத்தால் அது ஆள் சேர்ப்பது. எதிர்ப்பவரை அழைத்து "நாளைக்கு இதைக் கொண்டு வரப்போகிறேன், உங்களுக்கு எங்கே இடிக்கிறது?" என்று கேட்டால், பாதி எதிர்ப்பு அங்கேயே ஒரு திருத்தமாக மாறிவிடும். அந்தத் திருத்தத்தைக் கூட்டத்தில் அவர் பெயராலேயே முன்மொழியச் சொல்லுங்கள்.

நிச்சயமாக வரப்போகும் சண்டை ஒன்றைச் சொல்கிறேன்: மைதான நேரம். பெண் பிள்ளைகளின் அணிக்கு எல்லா இடத்திலும் மிச்சம்தான் போய்ச் சேர்கிறது. இருட்டும் நேரம், ஓரத்து மூலை, காற்றுப் போன பந்துகள். "அவங்க கம்மியாத்தான் வர்றாங்க" என்பார்கள். அந்த நேரமும் அந்த மூலையும்தான் அவர்களைக் குறைக்கிறது. நல்ல நேரத்தை வாரவாரம் சுழற்றும் அட்டவணையைப் பருவத்தின் தொடக்கத்திலேயே போட்டு ஒட்டிவிடுங்கள். மூத்த அணியினர் முறுக்குவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பயிற்சியாளர் தன் அணியோடு வெளியேறுவது. திறமையான, மனம் புண்பட்ட ஒருவர் பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புது மன்றம் தொடங்கிவிடுவார். எங்களுக்கும் நடந்தது. பதிவுத் தாளைத் தர மறுக்க வேண்டும் என்று கமிட்டியில் பாதிப் பேர் கொதித்தார்கள். பிள்ளைகளைப் பிணை வைத்து அவரைத் தண்டிக்கலாகாது என்று நான் வாதாடினேன்; இன்றும் அதையே சொல்வேன். ஜெர்சியும் பந்தும் திரும்பி வரட்டும், கட்டண பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், வேறு மன்றத்தில் பதிய அனுமதிக்கும் விடுவிப்புத் தாளைப் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் கொடுங்கள். அடுத்த இரண்டு வருடத்தில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் வந்திருக்க மாட்டார்கள். அவர் போனதற்கான காரணத்தையும் தேடுங்கள். எங்கள் விஷயத்தில் அவர் மூன்று முறை எழுத்தில் கேட்டிருந்தார், ஒன்றுக்கும் பதில் போகவில்லை.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையில் ரொக்கம் வாங்காதீர்கள். வாங்கினால் அந்த இடத்திலேயே ரசீது. வங்கியில் இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்க வரவு செலவை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள். ஜெர்சி வாங்க மூன்று இடங்களில் விலை கேளுங்கள். கமிட்டிக்காரரின் கடை என்றால் அவர் அந்த முடிவில் இருக்கக் கூடாது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் யார் என்பது இருவருக்கு மேல் தெரிய வேண்டியதில்லை. ஜெர்சியிலோ வரிசையிலோ எந்த வேறுபாடும் தெரியக் கூடாது. நன்கொடையாளருக்கு ஜெர்சியில் பெயர் போடலாம். அணித் தேர்வில் அவருக்கு இடம் கிடையாது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் ஓட்டெடுப்பும் இல்லை, சமரசமும் இல்லை.

ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை எங்கும் வரக் கூடாது. உடை மாற்றும் இடம், வண்டிப் பயணம், பயிற்சி முடிந்து கடைசியாகக் காத்திருக்கும் பிள்ளை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் எல்லாம். புகார்களைக் கேட்க ஒருவரை நியமியுங்கள். அவர் பயிற்சியாளராகவோ தலைவரின் உறவினராகவோ இருக்கக் கூடாது. அவர் பெயரும் எண்ணும் பிள்ளைகளுக்கே தெரிய வேண்டும். கடுமையான புகார் வந்தால் "நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல், சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் அன்றே சொல்லுங்கள். மன்றத்தின் பெயர் கெடும் என்பார்கள். கெடட்டும்.

தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மறுபடி இறங்கக் கூடாது. மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. தடுமாற்றம், வாந்தி, குழப்பமான பேச்சு, வழக்கமில்லாத மௌனம் எதுவும் போதும். சந்தேகம் இருந்தாலே வெளியே. மருத்துவர் சொல்லாமல் பயிற்சிக்கும் திரும்பக் கூடாது. தலையால் பந்தை அடிப்பதையும் சின்ன வயதில் தவிருங்கள். அமெரிக்காவில் பத்து வயது வரை உள்ளவர்களுக்கு அதைத் தடுக்கும் முடிவு 2015-இல் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து விலக்கினார்கள்.

நகர்த்தக்கூடிய கோல் கம்பம் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தரையில் உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது ஆட்டவிதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் கையால் தள்ளிப் பாருங்கள். யாரையும் கம்பத்தில் தொங்க விடாதீர்கள். இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடி ஓசைக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். வார்ம்-அப்புக்கு ஃபிஃபா வெளியிட்ட 11 பிளஸ் என்ற உடற்பயிற்சி வரிசை இருக்கிறது. 20 நிமிடம், தனிக் கருவி எதுவும் வேண்டாம், 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 7 முதல் 13 வரை சிறுவர்களுக்கென்றே தனி வடிவம் உண்டு. வாரம் இரண்டு முறை தவறாமல் செய்தால் காயம் கணிசமாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆட்ட நாள்

ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் காப்பு) இல்லாமல் யாரும் இறங்க முடியாது. கம்மல், மோதிரம், கயிறு எதுவும் கூடாது. டேப் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்பதில்லை. கடைசி நிமிடத்தில் கம்மலைக் கழற்ற முடியாமல் அழுத பிள்ளையைத் தேற்றியபடி ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம். முந்தைய நாள் செய்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர்கள் ஒரு பக்கக் கோட்டுக்கு வெளியே, பயிற்சியாளரும் அணியும் எதிர்ப் பக்கம். கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரும் வேண்டாம். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். "அடி, பாஸ் பண்ணு, அங்க போ" என்று கட்டளை இடக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று குரல் கேட்கும் பிள்ளை நின்றுவிடும். நடுவரிடம் பேச ஒருவர்தான், அணித்தலைவன் அல்லது பொறுப்பாளர், அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு. சிறுவர் ஆட்டங்களில் விசிலோடு நிற்பவரே பல நேரம் பதினாறு வயதுப் பிள்ளைதான். அவனைத் திட்டும் பெற்றோரை முதல் முறை தனியாக அழைத்துப் பேசுங்கள், இரண்டாம் முறை இரண்டு ஆட்டம் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். செயற்குழு உறுப்பினராக இருந்தாலும் அதே இரண்டு ஆட்டம்.

ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குப் பயிற்சியாளரிடம் ஆட்டத்தைப் பற்றிப் புகார் பேசக் கூடாது என்று ஒரு வழக்கம் வையுங்கள். இரவு எழுதும் நீண்ட வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலானவை காலையில் அனுப்பப்படாமலே போய்விடும்.

பொறுப்பை ஒப்படைப்பது

முதல் ஆண்டிலேயே அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள். பயிற்சி அட்டவணை, பொருள் பட்டியல், பதிவேடு, ஆட்ட நேரத் தாள்கள், தீர்மானங்கள், மைதான ஒப்பந்தம், காப்பீடு, புகார்களைக் கேட்பவரின் விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கடவுச்சொற்களும் வங்கிக் கையெழுத்தும் ஒப்படைக்கும் வாரத்திலேயே மாற வேண்டும். பொதுக்குழு முடிந்த மறுநாள் புதியவரை அறைக்கு அழைத்துப் போய், நீங்கள் முதல் மாதம் செய்தது போலப் பந்துகளை அவரோடு சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகப் பொறுப்பை மாற்றிவிட்டு நீங்கள் விலகுங்கள். மூன்று மாதம் எப்போது அழைத்தாலும் எடுப்பேன் என்று சொல்லுங்கள், எடுக்கவும் செய்யுங்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு மட்டும் அந்த மூன்று மாதமும் போக வேண்டாம்.